நிலக்கரி பாய்லரில் வெந்நீர்: நெருப்பு போதும், சேமிப்புதான் போதவில்லை

கேள்வி: பென்சில்வேனியாவில் ஹேசல்டன் பக்கம் பழைய வீடு ஒன்று வாங்கிக் குடிவந்திருக்கிறோம். பேஸ்மென்ட்டில் 'ரைஸ்' எனப்படும் சிறு துண்டு அளவு ஆந்த்ரசைட் (கடின வகை) நிலக்கரியைத் தானாகத் தள்ளி எரிக்கும் ஸ்டோக்கர் பாய்லர் இருக்கிறது. தகட்டில் மணிக்கு 1,00,000 பி.டி.யூ. (வெப்ப அளவு) என்று போட்டிருக்கிறது. வீட்டுச் சூடு அருமை. குளிக்கிற வெந்நீர்தான் தகராறு. பாய்லருக்குள் இருக்கும் காப்பர் காயில் வழியாகத் தண்ணீர் சூடாகி வருகிறது. குழாயைத் திறந்ததும் கை வெந்துபோகிற சூடு. இரண்டு குளியலறையிலும் ஷவர் திறந்தால் நாலு நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிடுகிறது. வீட்டில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் சின்னக் குழந்தைகள். முன்பிருந்தவர்கள் கழற்றி வைத்த 50 கேலன் மின்சார வாட்டர் ஹீட்டர் ஒன்று ஓரமாக நிற்கிறது. "இதையெல்லாம் விட்டுவிட்டு புரொப்பேன் ஹீட்டர் போடுங்கள்" என்கிறார் பிளம்பர். கோடையிலும் இந்தப் பாய்லரிலேயே வெந்நீர் எடுக்கலாமா? இன்னொன்று, பாய்லரின் சேஃப்டி வால்விலிருந்து சில நாள் தண்ணீர் சொட்டுகிறது. அது பெரிய விஷயமா?

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கும் சொட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தக் காயிலை நம்பலாமா கூடாதா என்பதை அதுதான் சொல்லும். காயில் ஓட்டையென்றால் மற்ற யோசனைகள் எல்லாம் மாறிவிடும்.

பாய்லருக்குள் சுற்றுகிற தண்ணீர் வேறு, காயிலுக்குள் ஓடுகிற குடிநீர் வேறு. பாய்லர் பக்கம் அழுத்தம் 12 முதல் 20 பி.எஸ்.ஐ. வரைதான். குடிநீர்க் குழாயில் 50, 60 இருக்கும். காயிலில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் குடிநீர் மெல்ல மெல்லப் பாய்லருக்குள் புகும். அழுத்தம் 30-ஐத் தொட்டதும் சேஃப்டி வால்வு திறந்து சொட்டும். சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்க் பாய்லரில் பழுதானாலும் இதே அறிகுறிதான் தெரியும். இரண்டையும் பிரித்தறிவது சுலபம். பாய்லருக்குத் தானாகத் தண்ணீர் நிரப்பும் வால்வை மூடிவிட்டு, அழுத்த மானியை இரவில் ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் பாருங்கள். வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் காயில் மேல். காயிலுக்கு வரும் குளிர்நீர் வால்வையும் மூடி, வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். ஏற்றம் நின்றால் உறுதி. பாய்லர் சூடேறும்போது மட்டும் அழுத்தம் எகிறி, ஆறும்போது இறங்கினால் காயில் குற்றவாளி இல்லை. எக்ஸ்பான்ஷன் டேங்கின் அடியில் சைக்கிள் டியூபில் இருப்பதுபோல் ஒரு காற்று வால்வு இருக்கும். அதை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, டேங்க்கை மாற்ற வேண்டும். எந்தக் காரணமானாலும் சேஃப்டி வால்வின் வாயில் அடைப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். சொட்டு எரிச்சலாக இருக்கிறதென்று அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காயில் ஓட்டை என்று தெரிந்தால் புதுக் காயில் வாங்காதீர்கள். அந்த இடத்தைத் தகடு வைத்து மூடிவிட்டு 'இன்டைரக்ட் டேங்க்' வைப்பதே நல்லது. அது உள்ளே சுருள் குழாய் உள்ள 40 அல்லது 50 கேலன் தொட்டி. பாய்லர் தண்ணீர் அந்தச் சுருளுக்குள் ஓடும், குடிநீர் சுற்றிலும் நிற்கும். ஓர் அறைக்குச் சூடு அனுப்புவதுபோல அதற்கும் தனி பம்ப், தனி செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் தண்ணீரை விடுவது), தனி தெர்மோஸ்டாட். ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தராத ஏற்பாடு அதுதான். விலை மட்டும்தான் இடிக்கும். பழைய காயிலின் ஃபிளாஞ்ச் போல்ட்கள் துருப்பிடித்து முறியும் என்பதையும் எதிர்பாருங்கள். கழற்றுவதற்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது வழக்கம்.

காயில் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மேலே போவோம். இனி டிகிரி என்றால் எல்லாம் பாரன்ஹீட்.

தண்ணீர் ஏன் நாலே நிமிடத்தில் ஆறுகிறது? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை கேலன் என்பதை 500-ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி உயர்த்த வேண்டுமோ அதனாலும் பெருக்கினால், மணிக்குத் தேவைப்படும் பி.டி.யூ. கிடைக்கும். உங்கள் பகுதியில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 40 டிகிரியில் வரும். குளிக்க 110 வேண்டும். ஆக 70 டிகிரி ஏற்றம். ஷவர் ஒன்றுக்கு 2.5 கேலன் வீதம் இரண்டுக்கு 5 கேலன். 5 × 500 × 70 = 1,75,000. உங்கள் பாய்லரின் முழுத் திறனே 1,00,000. காயில் புத்தம் புதிதாக இருந்தாலும் இந்தக் கணக்கு இடிக்கும்.

முதல் நாலு நிமிடம் ஓடியது பாய்லருக்குள் ஏற்கெனவே நின்ற சூட்டை வைத்துத்தான். உள்ளே 20 கேலன் தண்ணீர் 180 டிகிரியில் இருந்தால், அது 150-க்கு இறங்கும்வரை கொடுப்பது ஏறத்தாழ 5,000 பி.டி.யூ. அவ்வளவுதான் இருப்பு. இதில் நிலக்கரிக்கே உரிய ஒரு குணமும் சேர்கிறது. கேஸ் அடுப்பு சுவிட்சைத் தட்டியதும் முழு வீச்சில் எரியும். ஆந்த்ரசைட் அப்படியல்ல. அடங்கிக் கிடக்கும் ஸ்டோக்கர் நெருப்பு, விசிறி ஓடத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் முழு வேகத்துக்கு வரும். நீங்கள் குளித்து முடிக்கும்போதுதான் அது விழித்தெழுகிறது.

எனவே காயிலை மட்டும் நம்பும் ஏற்பாடு, ஒரே நேரத்தில் ஒரே ஷவர் திறக்கும் வீட்டுக்கு ஏற்றது. உங்கள் வீட்டுக்குச் சூட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ஏற்கெனவே பேஸ்மென்ட் ஓரத்தில் நிற்கிறது.

அதைத் தொடும் முன் காயிலை ஒரு முறை சோதித்துவிடுங்கள். பாய்லர் வெப்பமானி 180-இல் நிற்கும்போது, ஒரு வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து 5 கேலன் பக்கெட்டை நிரப்புங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 2.5 கேலன். அதே ஓட்டத்தில் மூன்று நிமிடம் விட்டு, காயிலிலிருந்து வெளியே வரும் குழாயின் மேல் தெர்மாமீட்டரைக் கட்டிப் பாருங்கள். பாய்லர் 180-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது, ஆனால் வெளிவரும் தண்ணீர் 120-ஐக்கூட எட்டவில்லை என்றால், காயிலின் உட்சுவரில் உப்புப் படிந்திருக்கிறது. பாய்லரும் சேர்ந்து இறங்குகிறது என்றால் காயிலுக்குக் குற்றமில்லை, நெருப்புதான் ஈடுகொடுக்கவில்லை. வெந்நீர்ப் பக்கம் மட்டும் ஓட்டமே மெலிந்திருந்தால் படிவு குழாயையே குறுக்கிவிட்டது. காயிலிலிருந்து சூடாகக் கிளம்பியும் குழாயில் வெதுவெதுப்பாகவே வந்தால், நடுவே எங்கோ குளிர்நீர் கலக்கிறது. பழுதான ஷவர் வால்வோ, சிக்கிக்கொண்ட மிக்ஸிங் வால்வோ (வெந்நீரோடு குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைப்பது) இருக்கும்.

படிவை எடுக்கப் பாய்லரை 100 டிகிரி அளவுக்கு ஆறவிட வேண்டும். காயிலின் இரு பக்க வால்வுகளையும் மூடி, அவற்றுக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள டிரெய்ன் குழாய்களில் ஹோஸ் மாட்டி (டிரெய்ன் இல்லையென்றால் இந்தச் சாக்கில் ஒரு ஜோடி போட்டுவிடுங்கள்), ஒரு சின்ன பம்ப்பால் பக்கெட்டிலிருந்து வெள்ளை வினிகரைச் சுற்றவிடுங்கள். மூன்று நாலு கேலன் போதும். முதல் அரைமணி நுரைத்துக்கொண்டு வரும். ஒரு மணி, இரண்டு மணி கழித்து நுரை நின்றதும் வெளியே கொட்டி, நல்ல தண்ணீரால் பத்து நிமிடம் அலசுங்கள். கடையில் கிடைக்கும் மியூரியாட்டிக் ஆசிட் வேகமாக வேலை செய்யும், உண்மைதான். காயிலின் மெல்லிய செம்பையும் அது அரிக்கக்கூடும். வேண்டாம்.

இப்போது அந்த 50 கேலன் ஹீட்டர். முதலில் அதன் உடம்பு தேறுமா என்று பாருங்கள். அடியில் துருக் கசிவு இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு டேங்க் தேடுங்கள். நன்றாக இருந்தால் மேலே உள்ள ஆனோடு கம்பியை (டேங்க் துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரையும் கம்பி) கழற்றிப் பாருங்கள். உள்கம்பி தெரியும் அளவு கரைந்திருந்தால் புதிது போடுங்கள். அடிக்குழாயைத் திறந்து வண்டல் போகும்வரை அலசுங்கள்.

இணைப்பு இப்படி. குளிர்நீர் வழக்கம்போல டேங்க்கின் குளிர்நீர் வாய்க்கே போகட்டும். அடியில் உள்ள பிளாஸ்டிக் டிரெய்னைக் கழற்றிவிட்டு முக்கால் அங்குலப் பித்தளை நிப்பிளும் (சிறு குழாய்த்துண்டு) டீயும் (மூன்று வாய் உள்ள இணைப்பு) போடுங்கள். டீயின் ஒரு கையில் புது டிரெய்ன் வால்வு. மறு கையிலிருந்து பம்ப், செக் வால்வு, காயிலின் நுழைவாய். காயிலின் வெளிவாயிலிருந்து வரும் குழாய் டேங்க்கின் மேலே வெந்நீர் வாயில் போடும் டீயில் சேர வேண்டும். அந்த டீயைத் தாண்டித்தான் மிக்ஸிங் வால்வு, அதற்குப் பிறகு வீடு. டேங்க்கின் வெப்ப-அழுத்த சேஃப்டி வால்வு (150 பி.எஸ்.ஐ., 210 டிகிரி) இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதன் வழியில் எந்த மூடும் வால்வும் கூடாது. குளிர்நீர் வரும் பாதையில் செக் வால்வோ பின்னோட்டத் தடுப்பானோ இருந்தால் குடிநீருக்கென்று ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க்கும் வேண்டும். காயிலின் இரண்டு பக்கமும் வால்வு வைத்தால் அவற்றுக்கு நடுவே தனி சேஃப்டி வால்வு கட்டாயம். இரண்டையும் மூடி மறந்துவிட்டால், சிக்கிய தண்ணீர் சூடாகிக் குழாயை வெடிக்க வைக்கும்.

பம்ப் வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடம்புடையதாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு பம்ப் பாய்லர் சுற்றுக்குச் சரி. ஏனென்றால் அங்கே ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது, அதிலுள்ள ஆக்சிஜன் சில நாளில் தீர்ந்துவிடும். குடிநீரில் ஆக்சிஜன் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். வார்ப்பிரும்பு துருப்பிடித்துக் குளியல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்.

பம்ப்புக்கு இரண்டு தெர்மோஸ்டாட்டுகளைத் தொடர் இணைப்பில் கொடுங்கள். ஒன்று டேங்க்கின் கீழ்ப்பாதியில், வெப்பக் காப்பை விலக்கி இரும்புச் சுவரோடு ஒட்டி, 140 டிகிரியில். இன்னொன்று பாய்லர் மேல், 150-க்கு மேல் இருந்தால்தான் பம்ப் ஓடலாம் என்று. இந்த இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நெருப்பு அணைந்த இரவில், டேங்க்கில் உள்ள சூட்டைப் பம்ப்பே எடுத்துப் பாய்லருக்குள் கொண்டுபோய்க் கொட்டும்.

இவ்வளவும் செய்தால் என்ன கிடைக்கும்? 50 கேலனில் சூடு குறையாமல் எடுக்கக் கூடியது ஏறத்தாழ 37 கேலன். அது 140 டிகிரியில் இருந்தால், குளிர்நீர் கலந்து 110-இல் 53 கேலன். இரண்டு ஷவருக்கும் அதுமட்டுமே பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கும். அதற்குள் நெருப்பும் விழித்துவிடும் என்பதால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது. முழு டேங்க்கும் 40-க்கு இறங்கிப்போனாலும், பாய்லரிலிருந்து மணிக்கு 60,000 பி.டி.யூ. ஒதுக்க முடிந்தால் நாற்பது நிமிடத்துக்குள் மறுபடி 130-க்கு வந்துவிடும்.

குழாயைத் திறந்ததும் கை வேகிறது என்றீர்களே, காயிலுக்குள் நின்ற தண்ணீர் பாய்லர் சூட்டுக்கே ஏறிவிடுவதால் வருவது அது. டேங்க் வைக்கும்வரை காத்திருக்காமல் மிக்ஸிங் வால்வை இந்த வாரமே போடுங்கள். 140 டிகிரித் தண்ணீர் ஐந்தே வினாடியில் தோலை ஆழமாகச் சுடும், குழந்தைகளின் தோலில் இன்னும் சீக்கிரம். 120-இல் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். வீடு முழுவதற்குமான மிக்ஸிங் வால்வு ஏ.எஸ்.எஸ்.இ. 1017 என்ற அமெரிக்கத் தரத்தில் வருகிறது, கேட்டு வாங்கி 120-இல் வையுங்கள். அதை வெந்நீர் இணைப்புக்கு ஓரடி கீழே இறக்கிப் பொருத்துவது நல்லது. தண்ணீர் ஓடாத நேரத்தில் சூடு தானாக மேலேறி வால்வை வறுத்தெடுக்காது. ஆண்டுக்கொரு முறை கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும். உப்பு ஏறினால் அது அப்படியே சிக்கிக்கொள்ளும். "அப்படியானால் டேங்க்கையே 120-இல் வைத்தால் என்ன?" என்று தோன்றும். நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி 77 முதல் 113 டிகிரி வரையிலான தண்ணீரில் செழித்து வளரும். டேங்க்கின் மேலே 120 என்றால் அடிப்பகுதி அந்த எல்லைக்குள் இறங்கிவிடும். சேமிப்பது 140-இல், வீட்டுக்கு அனுப்புவது 120-இல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லர் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் அக்வாஸ்டாட்டையும் திறந்து பாருங்கள். அதில் மேல்வரம்பு, கீழ்வரம்பு, இடைவெளி என்று மூன்று அமைப்பு இருந்தால் 180, 160, 10 என்று வையுங்கள். காயில் தகட்டில் "நிமிடத்துக்கு 5 கேலன்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 200 டிகிரிப் பாய்லர் தண்ணீருக்கான கணக்கு. 160-இல் அது பாதியாகச் சுருங்கிவிடும். கீழ்வரம்புக்குக் கீழே போனதும் இந்த அக்வாஸ்டாட் வீட்டுச் சூட்டுப் பம்ப்பை நிறுத்திவிடும். குளியல் நேரத்தில் அறைகளுக்குப் போகும் சூடு நின்று எல்லாம் வெந்நீருக்கே வரும், தனியாக ரிலே வாங்கத் தேவையில்லை. கீழ்வரம்பு இல்லாத பழைய வகை என்றால், அறை தெர்மோஸ்டாட் கேட்கும்போது மட்டுமே பாய்லர் சூடேறும். வெந்நீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அப்படியானால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

புரொப்பேன் யோசனை தவறில்லை, ஆனால் குளிர்காலத்துக்குத் தேவையில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கேஸ் ஹீட்டரின் புகைக்குழாயை நிலக்கரிப் பாய்லரின் அதே புகைபோக்கியில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனி வழி வேண்டும் என்பதால் செலவு கூடும்.

கோடைக்கு வருவோம். ஓடும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்து பேருக்கு நாளைக்கு 70 கேலன் வெந்நீர் என்று கொண்டால், கோடையில் 60 டிகிரியில் வரும் தண்ணீரை 120-க்கு ஏற்ற 35,000 பி.டி.யூ. வேண்டும். பவுண்டுக்கு 12,500 பி.டி.யூ. தரும் ஆந்த்ரசைட் 4 பவுண்டுக்கும் குறைவாகவே இதற்குப் போதும். ஆனால் நெருப்பு அணையாமல் இருக்க ஸ்டோக்கரின் டைமர் அரைமணிக்கொரு முறை இரண்டு மூன்று நிமிடம் கரியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே வழக்கமாக நாளைக்கு 15, 20 பவுண்டு எரியும். மிச்சச் சூடெல்லாம் பேஸ்மென்ட்டைத்தான் வேகவைக்கும். வெந்நீர் எடுக்காத நாளில் பாய்லர் மேல்வரம்பைத் தாண்டும் என்பதால், 195-ஐத் தொட்டதும் வீட்டுப் பம்ப்பை ஓட்டிச் சூட்டை வெளியேற்ற இன்னொரு தெர்மோஸ்டாட்டும் வேண்டும். அப்போது ஜூலை மாதத்தில் ரேடியேட்டர் சுடும்.

அதைவிடப் பெரிய கவலை புகைபோக்கி. வெளியே வெப்பமும் புழுக்கமும் ஏறும்போது புகைபோக்கியின் இழுப்பு குறைந்துவிடும். நிலக்கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. இப்போதே ஒவ்வொரு மாடியிலும் அதற்கான அலாரம் வையுங்கள், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கட்டாயம்.

அதே 70 கேலனுக்கு நாளைக்கு மின்சாரம் 10, 11 யூனிட் பிடிக்கும். உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்குங்கள். நாலு மாதத்துக்கு வரும் தொகையை, அதே காலத்தில் எரியும் ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியின் விலையோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் வராது. சாம்பல் அள்ளும் வேலை மிச்சம். இதற்காகவே அந்தப் பழைய ஹீட்டரின் எலிமென்ட்களை (தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பிகள்) கழற்றாமல் விடுங்கள். குளிர்காலத்தில் பிரேக்கரை இறக்கி வையுங்கள், கோடையில் ஏற்றுங்கள். டேங்க் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகே பிரேக்கரைப் போட வேண்டும். வறண்டிருந்தால் எலிமென்ட் வினாடிகளில் எரிந்துபோகும். இது 240 வோல்ட் இணைப்பு, எலெக்ட்ரீஷியன் கையால் செய்வதே சரி. பின்னாளில் டேங்க் ஓட்டை விழுந்தால் ஹீட் பம்ப் வகை வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் வேலை முடியும், பேஸ்மென்ட் ஈரத்தையும் உறிஞ்சும்.

அந்த ஈரம் பாய்லருக்கு எதிரி. ஆந்த்ரசைட் சாம்பலில் கந்தகம் உண்டு. கோடை ஈரம் பட்டால் அது அமிலமாகி, புகைக்குழாயை ஓரிரு ஆண்டில் அரித்துவிடும். எனவே ஏப்ரல், மே வாக்கில் நெருப்பை அணைத்ததும் அந்த வாரத்திலேயே புகைக்குழாயைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தட்டுங்கள். பாய்லரின் உட்புறச் சாம்பலைச் சுரண்டி எடுத்து, இரும்புப் பரப்பின் மேல் மெல்லிய எண்ணெய் தெளியுங்கள். புகைபோக்கி வாயை அடைத்து வைத்து, அடைத்திருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதிப் பாய்லர் சுவிட்சிலேயே தொங்கவிடுங்கள். பாய்லருக்குள் தண்ணீர் நிரம்பியே இருக்கட்டும்.

காயில் பக்கச் சுற்றில் நாலைந்து மாதம் தேங்கிய தண்ணீரை அக்டோபரில் வீட்டுக்குள் விட்டுவிடாதீர்கள். அடைப்பை எடுத்து, நெருப்பு மூட்டுவதற்கு முன்பே காயில் டிரெய்னைத் திறந்து, தெளிவாக வரும்வரை வெளியே ஓடவிடுங்கள். பிறகு டேங்க்கை 140-க்கு ஏற்றி ஒவ்வொரு வெந்நீர்க் குழாயையும் சில நிமிடம் திறந்துவிட்ட பின் குளிக்கலாம். இணைப்பு வேலையைத் தொடங்கும் முன் உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்தில் பிளம்பிங் பெர்மிட் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.